வாலைவடிநீரும் வெப்பநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காய்ச்சி வடிகட்டிய நீர்" என்று புட்டியில் எழுதியிருக்கிறது. வீட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டினால் அதுதானே?

இல்லை. இந்தப் பெயர்தான் பலரையும் தவறான வழியில் கொண்டுபோகிறது. வடிகட்டுவது வேறு, வடிப்பது வேறு. துணியிலோ ஃபில்டரிலோ வடிகட்டும்போது கண்ணுக்குத் தெரியும் தூசும் மண்டியும்தான் நிற்கும். கரைந்திருக்கும் உப்பு அப்படியே இறங்கிவிடும். காய்ச்சி வடிப்பது என்றால் நீரை ஆவியாக்கி, அந்த ஆவியை மட்டும் குளிரவைத்துத் துளித்துளியாகச் சேர்ப்பது. சுண்ணாம்பு, மக்னீசியம், சோற்றுப்பு, இரும்பு எதுவும் ஆவியோடு ஏறாது. எல்லாம் அடிப்பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. 10 லிட்டரைக் காய்ச்சி 8 லிட்டராக்கினால், 10 லிட்டரில் இருந்த உப்பு 8 லிட்டரில் இருக்கும். காய்ச்சும்போது வெள்ளைப் படலமாகப் படிந்து விலகுவது தற்காலிகக் கடினத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட்டு மட்டுமே. குளோரைடும் சல்ஃபேட்டும் அசையாது.

இதற்குத் தமிழில் பழைய, துல்லியமான சொல் உண்டு: வாலை, அதாவது ஆவியாக்கி வடிக்கும் கலம். சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் இறக்குவது வாலையில்தான். அதனால் இங்கே வாலைவடிநீர் என்றே எழுதுகிறோம். கடையில் கேட்கும்போது "டிஸ்டில்டு வாட்டர்" என்றே கேளுங்கள்.

வடித்துவிட்டால் எல்லா அழுக்கும் போய்விடுமா?

ஆவியாகாதவை போகும். நீருக்கு முன்பே, அல்லது நீரோடு சேர்ந்தே ஆவியாகிறவை போகாது. அம்மோனியா, குளோரின் போட்ட நீரில் உண்டாகும் குளோரோஃபார்ம், மதுசாரம் போன்றவை ஆவியோடு ஏறிவரும். ஓமத்தின் மணம் தீநீரில் இறங்குவதும் இதே காரணத்தால்தான். ஆய்வகங்களில் முதலில் இறங்கும் பகுதியைக் கொட்டிவிடுவதற்கும், கடைசிப் பகுதியை எடுக்காமல் நிறுத்துவதற்கும் இதுதான் அடிப்படை.

வீட்டில் கொஞ்சம் வடிக்க முடியுமா? எப்படி?

அரை லிட்டர் அளவுக்கு முடியும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் குறைந்தது நான்கு விரற்கடை மேலே இருக்க வேண்டும். குமிழ் நடுவில் இருக்கும் குவிந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுங்கள். குமிழ் கிண்ணத்துக்கு நேர் மேலே வர வேண்டும், அதுவும் எவர்சில்வராக இருக்க வேண்டும். மூடியின் பள்ளத்தில் பனிக்கட்டியைப் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகச் சொட்டும். முதலில் சேரும் 50 மில்லியைக் கொட்டிவிட்டு, அடுத்து வருவதை எடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது தீயைப் பெரிதாக்குவதால்தான். நீர் தளதளவென்று கொதித்தால் திவலை தெறித்துக் கிண்ணத்தில் விழும். ஒரு தேக்கரண்டி குழாய்நீர் தெறித்தாலே வடித்த அரை லிட்டரில் உப்பு பல மடங்கு கூடிவிடும். அடுத்தது, பனிக்கட்டி கரைந்து மூடி சூடாவது. அப்போது ஆவி ஓரத்தில் கசிந்து அடுக்களையில்தான் சேரும். உருகிய நீரை எடுத்துவிட்டுப் புதுக்கட்டி போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர் மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணையுங்கள். வற்றவிட்டால் உப்பு தெறிக்கும், பாத்திரமும் கறுகும்.

இதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்?

25 டிகிரியில் உள்ள 1 லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 314 கிலோஜூல் போதும். ஆனால் 100 டிகிரி நீரை 100 டிகிரி ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். இரண்டும் சேர்ந்து 0.71 யூனிட். சிதறும் வெப்பத்தையும் சேர்த்தால் லிட்டருக்கு முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 750 வாட் மேசைக்கருவி 4 லிட்டர் வடிக்க 4 மணி நேரம் எடுப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். அதைவிட வெகுவேகமாக வடிக்கும் என்று சொல்லி அதே வாட் கருவியை யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கடை கேனில் "டி.எம். வாட்டர்" என்று போட்டிருக்கிறது. அது வேறா?

செய்முறை வேறு. டி.எம். என்பது தாது நீக்கிய நீர். அயனிப் பரிமாற்றப் பிசின் மணிகள் வழியாக நீரைச் செலுத்தி உப்பயனிகளைப் பிடித்துவிடுவார்கள். கொதிக்கவைப்பது இல்லை, அதனால் செலவு குறைவு. உப்பைப் பொறுத்தவரை வாலைவடிநீருக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். ஆனால் மின்னேற்றம் இல்லாத கரிமப் பொருள்களும் நுண்ணுயிர்களும் பிசினில் நிற்பதில்லை. பேட்டரிக்கு டி.எம். தாராளமாகப் போதும். பேட்டரி நீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1069. கேன் வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல நீர்தானா என்று எப்படிச் சோதிப்பது?

மின்கடத்துத்திறனை அளப்பதே நேரான வழி. முற்றிலும் தூய நீர் 25 டிகிரியில் செ.மீ.க்கு 0.055 மைக்ரோசீமன்ஸ் (கடத்துத்திறனின் அலகு). காற்றுப் பட்ட வாலைவடிநீர் ஏறக்குறைய 1 காட்டும். குழாய்நீரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். கடல்நீர் 50,000 அளவில் நிற்கும். ஐ.எஸ்.ஓ. 3696 தரத்தில் ஆய்வக நீர் மூன்று வகை: முதல் தரம் 0.1, இரண்டாம் தரம் 1, மூன்றாம் தரம் 5 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போகக்கூடாது.

வீட்டில் இருக்கும் டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) மீட்டரும் கடத்துத்திறனைத்தான் அளக்கிறது, அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. நல்ல வடிநீரில் 0 அல்லது 1 காட்ட வேண்டும். 10 காட்டினால் கேன் சந்தேகத்துக்குரியது. சோதிக்கும் தம்ளரை அதே நீரால் இரண்டு முறை அலசிவிட்டு அளவெடுங்கள். குழாய்நீரில் கழுவிய ஈரத் தம்ளரே எண்ணைக் கெடுத்துவிடும். வெப்பநிலையும் முக்கியம்: சாதாரண நீரின் கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஏறும். வெப்பத் திருத்தம் இல்லாத மலிவு மீட்டர் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் காட்டுவது இதனால்தான்.

தூய நீரின் பி.எச். 7 என்று படித்தோம். மீட்டர் 5.6 காட்டுகிறதே?

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. திறந்து வைத்த வடிநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அதைச் சமன்செய்ய நீரில் வேறு உப்பு எதுவும் இல்லை. அதனால் 5.6 வரை இறங்கும். கொதிக்கவைத்து, வாய்வரை நிரப்பி, மூடி ஆறவைத்தால் 7-ஐ நெருங்கும். அயனிகள் மிகக் குறைவாக இருப்பதால் சாதாரண மின்முனையில் எண் நிலைக்காமல் அலையவும் செய்யும்.

7 என்பதும் 25 டிகிரிக்கு மட்டுமே பொருந்தும் நடுநிலை. 0 டிகிரியில் நடுநிலை 7.5-ஐ ஒட்டியும், 100 டிகிரியில் 6.1-ஐ ஒட்டியும் இருக்கும். 6.1 காட்டும் கொதிநீர் அமிலம் ஆகிவிடவில்லை. அதில் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் ஒரே அளவில் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏன் இதையே ஊற்றச் சொல்கிறார்கள்? எப்படி ஊற்றுவது?

மின்னேற்றம் முடிந்த பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், அது பேட்டரிக்குள் இருக்கும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. மிகையாக ஏறும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல்லில் 0.336 கிராம் நீர் போகும். 100 ஆம்பியர்-மணி மிகையானால் ஆறு செல்லிலும் சேர்த்து 200 மில்லி காலி. போவது நீர் மட்டும், அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஈடுகட்ட வேண்டியதும் நீர் மட்டுமே. "ஆசிட் டாப்-அப்" என்று கடைக்காரர் ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள்.

குழாய்நீரை ஊற்றினால், நீர் மட்டும் திரும்பத் திரும்பப் போய், அதிலிருந்த உப்பு முழுவதும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். குளோரைடு நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். இரும்பு, சும்மா வைத்திருந்தாலே மின்னேற்றம் இறங்கும்படி செய்யும். ஒரு முறை ஊற்றியவுடன் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலர் துணிந்து தொடர்ந்து ஊற்றுகிறார்கள்.

ஊற்றும் முறை இது. இன்வெர்ட்டரை அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அருகில் தீக்குச்சி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது. செல்லுக்குள் ஹைட்ரஜன் இருக்கும். பேட்டரியின் மேற்புறத்தை ஈரத்துணியால் துடைத்த பிறகே மூடிகளைத் திறங்கள், இல்லாவிட்டால் தூசு உள்ளே விழும். பிளாஸ்டிக் புனல் வழியாக ஒவ்வொரு செல்லிலும் மேல்கோடு வரை மெதுவாக ஊற்றுங்கள். மிதவை வைத்த பேட்டரி என்றால் மிதவையின் மேல் அடையாளத்தோடு நிறுத்துங்கள். மூடிகளை இறுக்கி, மேலே சிந்தியதைத் துடைத்துவிட்டு மின்னேற்றுங்கள்.

எப்போது ஊற்றுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முழுதாக ஏறிய பிறகு ஊற்றுவதே சரி, ஏனென்றால் ஏறும்போது திரவமட்டம் உயரும். இறங்கிய பேட்டரியில் மேல்கோடு வரை ஊற்றினால், ஏறும்போது அமிலம் பொங்கி வெளியே வரும், முனைகள் பூத்துப்போகும், போன அமிலம் திரும்பாது. தகடுகளே வெளியே தெரியும்படி வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, ஏற்றிய பிறகு மீதியை நிரப்புங்கள்.

கோடையில் மாதம் ஒரு முறையாவது மட்டத்தைப் பாருங்கள். ஆறு செல்லும் வேகமாக வற்றினால் மின்னேற்றும் வோல்டேஜ் அதிகமாக இருக்கலாம். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் குடித்தால் அந்தச் செல்லில்தான் கோளாறு.

அமிலத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பள்ளியில் சொன்னார்களே?

அந்த விதி அடர் கந்தக அமிலத்துக்கு. 98 விழுக்காடு அமிலத்தில் நீர் விழுந்தால் மேற்பரப்பிலேயே கடும் வெப்பம் உண்டாகி, நீர் கொதித்து அமிலத்தைத் தெறிக்கும். முழுதாக ஏறிய பேட்டரியிலேயே அமிலம் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மீதி நீர். அது ஏற்கெனவே நீர்த்தது. அங்கே நீர் சேர்ப்பதால் ஆபத்தான சூடு வராது.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், மழைநீர், ஆர்.ஓ. நீர், இவற்றைப் பேட்டரிக்கு ஊற்றலாமா?

ஏ.சி. நீரும் ஆவியிலிருந்து குளிர்ந்ததுதான், பிறப்பில் தூயது. ஆனால் தூசு படிந்த செம்பு, அலுமினியச் சுருள் மேல் வழிந்து, பாசி பிடித்த தட்டில் தேங்கித்தான் குழாய்க்கு வருகிறது. டி.டி.எஸ். குறைவாகக் காட்டினாலும் உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. பேட்டரிக்கு வேண்டாம்; செடிக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள். மழைநீருக்கும் அதே பதில்: கூரையைத் தொட்டுவிட்டால் அது வடிநீர் இல்லை. வீட்டு ஆர்.ஓ. குடிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும் கருவி. அதன் நீர் பேட்டரிக்குப் பொருந்தாது.

குடிக்கலாமா?

குடிப்பதற்கென்று சுத்தமாக வடித்தது என்றால் நஞ்சு இல்லை. சப்பென்று இருக்கும், ஏனென்றால் தண்ணீரின் சுவை என்று நாம் நினைப்பது அதிலிருக்கும் உப்பும் காற்றும்தான். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் குடிப்பதும் கடல்நீரை வடித்து எடுத்த நீர்தான். தாது சேர்த்த பிறகே குழாயில் விடுகிறார்கள். (சென்னையின் மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள் வடிப்பவை அல்ல, சவ்வு வழியே தள்ளும் ஆர்.ஓ. நிலையங்கள்.) உடலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் உணவிலிருந்தே வருகிறது, 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் அன்றாடக் குடிநீராக இதையே வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. பேட்டரிக் கேன் நீரைக் குடிக்கவே கூடாது. அந்தக் கேனும் நிரப்பும் இடமும் உணவுத் தரத்துக்கு உட்பட்டவை அல்ல.

ஊசி மருந்து கலக்க, புண் கழுவ, கான்டாக்ட் லென்ஸ் கழுவ இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. வடிநீர் என்பதாலேயே நுண்ணுயிர் நீக்கியது ஆகிவிடாது. ஊசிக்கான நீர் தனித் தரத்தில் அடைத்து வருவது. உப்பில்லாத நீர் அதிகமாக இரத்தத்தில் கலந்தால், சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நன்றாக மூடிய தடித்த பிளாஸ்டிக் கேனில், நிழலில், மாதக்கணக்கில். கண்ணாடிப் புட்டி மெதுவாகச் சோடியத்தையும் சிலிக்காவையும் விட்டுக்கொடுக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். உப்பற்ற நீர் உலோகத்தை எளிதில் கரைத்துக்கொள்ளும். கேனிலிருந்து ஊற்றி எடுங்கள். கையையோ கரண்டியையோ உள்ளே விடாதீர்கள், மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

தூய நீரில் மின்சாரம் பாயாதாமே. அப்படியானால் பயமில்லையா?

பயம் உண்டு. தூய நீர் மிகக் குறைவாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் உங்கள் விரல் பட்டவுடன் வியர்வை உப்புக் கரைந்து அது தூய நீராக இல்லாமல் போகிறது. எந்த நீரானாலும் ஹீட்டர் கம்பியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை விட வேண்டும்.

கொதித்த பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீர் இன்னும் சூடாகுமா?

திறந்த பாத்திரத்தில் ஆகாது. கொதிக்கத் தொடங்கிய பின் தரும் வெப்பம் முழுவதும் ஆவியாக்குவதற்கே போகும், வெப்பநிலை ஏறாது. பருப்பு 100 டிகிரியில்தான் வேகிறது, தளதளப்பில் அல்ல. கொதி வந்ததும் தீயைக் குறைத்தால் எரிவாயு மிஞ்சும். குக்கரில் மட்டும் கதை வேறு: 1 கிலோ வெயிட் போட்ட குக்கரில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, நீர் 120 டிகிரியில் கொதிக்கிறது.

அதே காரணத்தால்தான் ஆவி சுடுவது கொதிநீரைவிடக் கொடியது. கையில் பட்டு நீராகும்போதே ஒவ்வொரு கிராமும் 2,257 ஜூலை இறக்கிவிட்டு, அதன் பிறகு 100 டிகிரி நீராகவும் சுடுகிறது.

ஊட்டியில் அரிசி வேக நேரமாவது ஏன்?

காற்றழுத்தம் குறைவதால். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே 92 முதல் 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். சென்னையில் 100. குக்கர் வைத்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறையும்.

உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்குமா? வடிநீர் குழாய்நீரைவிட வேகமாகக் கொதிக்குமா?

இரண்டும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஒரு லிட்டரில் 10 கிராம் உப்புப் போட்டால் கொதிநிலை 0.17 டிகிரி ஏறும். டி.டி.எஸ். 500 உள்ள நீருக்கும் வடிநீருக்கும் கொதிநிலையில் உள்ள வேறுபாடு 0.01 டிகிரிக்கும் குறைவு.

மைக்ரோவேவில் வைத்த நீர் கொதிக்காமல் இருந்து, தொட்டவுடன் பொங்கியது. என்ன நடந்தது?

குமிழி உருவாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும்: கீறல், தூசு, அடைபட்ட காற்று. வழவழப்பான புதுக் கண்ணாடிக் குவளையும் தூய நீரும் சேர்ந்தால் அது கிடைக்காது. நீர் 100-ஐத் தாண்டியும் அமைதியாக நிற்கும். கரண்டியோ சர்க்கரையோ பட்ட கணத்தில் மொத்தமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மைக்ரோவேவில் வைக்கும் முன்பே ஒரு மரக்குச்சியைப் போட்டுவையுங்கள். ஏற்கெனவே கொதித்து ஆறிய நீரைத் திரும்பச் சூடாக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆய்வகத்தில் பீங்கான் துண்டுகள் போடுவதும் இதற்கே. அவற்றையும் நீர் குளிர்ந்திருக்கும்போதே போட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மூடிய புட்டியில் வடிநீரை ஃபிரீசரில் அசையாமல் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால் சில நேரம் சுழியத்துக்குக் கீழே பல டிகிரி போயும் நீராகவே இருக்கும். மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணெதிரே உறையும். அப்போது வெப்பநிலை சுழியத்துக்கு ஏறும், இறங்காது. உறையும் நீர் வெப்பத்தை வெளிவிடுகிறது.

குளிர்ந்தால் எல்லாம் சுருங்குமே, புட்டி ஏன் வெடிக்கிறது?

நீர் 4 டிகிரி வரைதான் சுருங்கும். அதற்குக் கீழே மெல்ல விரியும், உறையும்போது ஒரேயடியாக 9 விழுக்காடு விரியும். எனவே ஃபிரீசரில் வைக்கும் புட்டியில் எட்டில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், கண்ணாடியை வைக்காதீர்கள். குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து உறைவதும் இதனால்தான்: 4 டிகிரி நீர் கனமாக அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கிறது.

வெந்நீர் விளாவ எவ்வளவுக்கு எவ்வளவு?

குளிக்க 40 டிகிரி வேண்டும், தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால், ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் தண்ணீரை ஊற்றிப் பிறகு கொதிநீரை ஊற்றுங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். மறுபக்கம், 30 டிகிரியில் உள்ள 10 லிட்டர் நீரில் 1 கிலோ பனிக்கட்டி போட்டால் 20 டிகிரிக்கு வரும். 15 லிட்டர் கீசர் 28-லிருந்து 60 டிகிரிக்குப் போக 0.56 யூனிட், 2,000 வாட் என்றால் 17 நிமிடம்.

மண்பானை மதுரையில் குளிர்விக்கிற அளவுக்குச் சென்னையில் குளிர்விப்பதில்லையே?

பானையின் கசிவு ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரிடமிருந்து வெப்பத்தை எடுக்கிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராதவரை, ஏறக்குறைய 6 டிகிரி இறங்கும். ஆனால் இறங்க ஓர் எல்லை உண்டு, அதைக் காற்றின் ஈரம் தீர்மானிக்கிறது. 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் 24 டிகிரி வரை போகலாம். 70 விழுக்காடு என்றால் 30-க்குக் கீழே போகாது. கடற்காற்று படாத, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். பானையின் வெளிப்புறத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், துளைகள் அடைபடும்.

வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று வடிநீரை வைத்துச் சோதிக்க முடியுமா?

முடியும். வடிநீரைக் கட்டியாக்கி, நொறுக்கி, பிளாஸ்கில் நெருக்கமாக நிரப்புங்கள். இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த வடிநீர் ஊற்றுங்கள். கட்டி மிதக்கும் அளவுக்கு ஊற்றினால் அடியில் 4 டிகிரி நீர் தேங்கி அளவு பிசகும். வெப்பமானியை நடுவில் செருகி 10 நிமிடம் விட்டுப் பாருங்கள்: 0 காட்ட வேண்டும். குழாய்நீர்க் கட்டியிலும் பிசகு சிறிதுதான், உப்புப் பட்ட கட்டியில் பெரிதாகும். கடல்நீர் உறைவது சுழியத்துக்கு 1.9 டிகிரி கீழே.

கொதிநிலையில் சோதிப்பதானால் உங்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டருக்கும் வெப்பத் திருத்தம் உண்டு: குறியீட்டு வெப்பநிலையான 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். 42 டிகிரி சூட்டில் 1.230 காட்டினால் உண்மை அளவு 1.240, டியூப்ளர் (குழல் வடிவ நேர்த்தகடு கொண்ட) பேட்டரி பலவற்றுக்கு அது முழு ஏற்றம். நீர் ஊற்றிய உடனே இந்த அளவை எடுக்காதீர்கள். புதுநீர் லேசானது, மேலேயே நிற்கும். சில மணி நேரம் மின்னேற்றிக் கலந்த பிறகு எடுங்கள்.